காணும்

யாழ்ப்பாணத்துப் பந்தியில் இருந்து உண்பவர் ‘போதும்’ என்று சொல்வது அரிது. இலையின்மேற் கையை விரித்து, ‘காணும், காணும்’ என்பதே எம்மவர் வழக்கு. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் எங்கள் வீட்டுப் பந்தியில் அமர்ந்திருந்தார். தமிழ் கற்றவர். பரிமாறியவர் ‘சோறு காணுமோ?’ என்று வினவ, அன்பர் இலையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, ‘நன்றாகத் தெரிகிறதே’ என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. பொருள் விளங்கியபின் அவரும் சிரித்தார். அன்றிரவு திண்ணையில் இருந்து பேசும்போது, ‘பார்ப்பதைக் குறிக்கும் சொல் உங்கள் ஊரில் நிறைவைக் குறிப்பது எப்படி?’ என்று கேட்டார். அவருக்கு நான் இலக்கண விடை ஒன்று சொல்லி அனுப்பினேன். அது விடையன்று என்பது இப்போது தெரிகின்றது.

‘காணும்’ என்பதைவிட அதன் எதிர்மறையே இன்று எம்மிடையே மிகுதியாக வழங்குகின்றது. சம்பளம் காணாது. காணி காணாது. சீதனம் காணாது. கட்டிய வீட்டுக்கு மேல்மாடி இல்லாவிடின் வீடும் காணாது. பத்து வயதுக் குழந்தை, புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்ட செய்தியோடு ஓடி வருகின்றது. அயல்வீட்டுக் குழந்தையின் புள்ளியை முன்னரே விசாரித்து வைத்திருக்கும் தாய், ‘காணாது’ என்கிறாள். இவ்வாறு சொல்லுமிடத்து நாம் நம்மை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். இன்னும் எதையோ காணவில்லை என்பதே அது. காணாத பொருள் எது என்பதில் மாத்திரந்தான் தவறு நேர்ந்துவிடுகின்றது.

நான் பள்ளிக்கூடத்து மனிதன். ஆகவே பள்ளிக்கூடத்திலே நடந்ததொன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிலே பட்டினத்தடிகள் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், மரக்கலம் பல உடையவர், மகனாக வந்தவன் பேழையில் வைத்துச் சென்ற காதற்ற ஊசியைக் கண்ட அளவிலே அத்தனையையும் துறந்து நடந்தவர். இக்கதையை நான் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். மாணாக்கர் குறிப்பெடுப்பர். பரீட்சையில் வந்தால் ஐந்து புள்ளி கிடைக்கும். துறவைப் புள்ளிக்கு விற்பது எங்கள் தொழில். அன்று பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

‘சேர், அவரிட்டக் கப்பல் இருந்தது, விட்டார். எங்கட அப்பா கூலிக்குப் போறவர். அவர் எதை விடுறது?’

(ஆசிரியரை ‘ஐயா’ என்று அழைத்த காலம் போய்விட்டது. அது கிடக்க.)

வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை. மணி அடிக்கும்வரை நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வினா என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இதனை எழுதுவதும் அவனுக்குப் பட்ட கடனைத் தீர்த்தற்பொருட்டே. முழுக் கடனும் இதனால் தீரும் என்று எண்ணுகின்றேன் அல்லேன்.

அந்த வினாவோடு நான் போய் நின்ற இடம் நல்லூர்த் தேரடி. நிறைவைப்பற்றிப் பேசப் புகும் யாழ்ப்பாணத்தான் அங்கே போகாமற் பேசுதல் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அத்தேரடியிலே ஒருவர் இருந்தார். கச்சேரியில் உத்தியோகம் பார்த்து, அதை விட்டு வந்தவர். கந்தைத் துணி உடுத்துத் தமக்குத் தாமே ஏதோ பேசிக்கொள்வார். கிட்டப் போனால் ஏச்சு விழும். ஊர் அவரை ‘விசர்ச் செல்லப்பா’ என்றது. கோயிலுக்குப் போவோரும் வருவோரும் அவரைக் கடந்துதான் சென்றனர். அவர்களுட் பலர் கந்தனிடம் கேட்கச் சென்றது எதுவோ, அது ஒன்றும் வேண்டாதிருந்தவர் வெளியே புழுதியில் இருந்தார். 1915இல் அவர் சமாதியடைந்தார். அவரைப் பித்தர் என்று ஒதுக்கிய ஊர், பின்னர்ச் செல்லப்பா சுவாமிகள் என்று கைகூப்பியது. ஊர்கள் எப்போதும் சற்றுத் தாமதமாகவே கைகூப்பும்.

அவரிடம் அகப்பட்டவர் யோகர் சுவாமிகள். 1872இல் மாவிட்டபுரத்தில் தோன்றியவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்துப் பண்டகசாலையைக் காத்தவர். பண்டகசாலைக் காவலர் தொழில் யாது? இருப்பு இவ்வளவு, செலவு இவ்வளவு, இன்னது காணும், இன்னது காணாது என்று பதிவேட்டில் எழுதுவதன்றோ? சுவாமிகளை நினைக்கும்போது இந்தப் பதிவேட்டை நாம் மறந்துவிடலாகாது. உலகத்துக் கணக்கை அறியாதவர் அல்லர் அவர். அக்கணக்கை நாள்தோறும் எழுதிய கையுடனேயே தேரடிக்கு வந்தார். அங்கிருந்த பித்தர், ‘நீ யார்?’ என்ற பொருள்பட அவரை அதட்டியதாகச் சொல்வர். பண்டகசாலையில் எல்லாவற்றுக்கும் இருப்புக் கணக்கு உண்டு. எழுதும் ஆளுக்கு இல்லை. அந்த ஒரு வினாவுக்குப் பதிவேட்டில் இடமில்லாது போயிற்று.

இங்கே ஒரு முறைவைப்பைக் கவனித்தல் வேண்டும். யோகர் முதலில் வேலையை வெறுத்து, பின்னர் ஆசையை அடக்கி, அதன் பின்னர் கடவுளைத் தேடிப் போனவராகத் தோன்றவில்லை. முதலிலே ஒன்றைக் கண்டார். கண்டபின் மற்றவை காணுமாயின. எமது பிரசங்கமேடைகளில் இம்முறை தலைகீழாகிவிடுகின்றது. ‘ஆசையை விடு, போதுமென்ற மனத்தைப் பழகு, அப்பால் இறைவன் வருவான்’ என்கின்றோம். கேட்பவர் ஆசையை விடுவதில்லை. ஒளித்து வைக்கின்றார், அவ்வளவே. ஒளித்து வைத்த ஆசைக்குப் பசி அதிகம். நிறைவு என்பது பல்லைக் கடித்துப் பயிலும் ஒழுக்கமன்று. சந்நிதியில் நின்றவனுக்குத் தானே நேர்வது. இருட்டறையிலே கையாற் பொருள்களைத் துழாவுகின்றவனுக்கு ‘துழாவாதே’ என்று உபதேசித்துப் பயன் இல்லை. விளக்கைக் கொண்டுவந்தால் துழாவல் நின்றுவிடும்.

குரு மறைந்தபின் சுவாமிகள் கொழும்புத்துறையில் முதலில் ஓர் இலுப்பை மரத்தடியிலும், பின்னர் ஓலைக்குடில் ஒன்றிலுமாக, 1964 மார்ச்சில் மறையுமளவும் இருந்தார். காவி உடுத்தவில்லை. வெள்ளை வேட்டி. அப்புக்காத்துமாரும் கமக்காரரும் ஆசிரியரும் அரசியலாளரும் அக்குடிலின் தரையில் ஒரே பாயில் இருந்தனர். இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகனும் அங்கே வந்து சந்தசுவாமி ஆனார். பிரபு வம்சமும் பிரித்தானியாவும் காணாதிருந்த ஒருவருக்கு ஓலைக்குடிலின் ஒரு மூலை காணுமாயிருந்தது. ஆனால் வந்த உத்தியோகத்தரை உத்தியோகத்தை விட்டுவிடும்படி சுவாமிகள் சொல்லவில்லை. செய்கின்ற தொழிலைச் சிவதொண்டாகச் செய்யும்படியே சொன்னார். 1935இல் தொடங்கிய சஞ்சிகைக்கும் ‘சிவதொண்டன்’ என்றே பெயர் அமைந்தது. துறவுக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்கள் அப்பெயரை இரண்டு முறை படித்தல் நன்று.

இவ்வளவும் சொன்னபின்னும் பின்வரிசை மாணவனின் வினா அசையாமல் நிற்கின்றது. கச்சேரி உத்தியோகம் விடுவதற்கு இருந்தது. பண்டகசாலையும் இருந்தது. கூலிக்குப் போகிறவருக்கு?

ஏழைக்கு நிறைவை உபதேசிப்பது போன்ற கொடுமை வேறில்லை என்றே நான் கருதுகின்றேன். வயிறு நிறைந்தவன் வயிறு ஒட்டியவனைப் பார்த்து ‘உள்ளது காணும்’ என்றால், அது ஆன்மிகம் அன்று, கணக்குத் திருட்டு. எங்கள் முன்னோரிற் பெரியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நாவலர் பெருமான் பிரசங்கம் செய்யத் தெரியாதவரா? அவர் காலத்தில், 1870களின் பிற்பகுதியில், பஞ்சமும் கொள்ளைநோயும் இம்மண்ணை வருத்தியபோது அவர் கையில் எடுத்தது பிரசங்க ஏடன்று. கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். தொண்டைமானாற்றங்கரையிற் செல்வச்சந்நிதி முருகனை ஊரார் ‘அன்னதானக் கந்தன்’ என்றே அழைப்பர். ஆலிலையிலே அமுது படைத்து, வாய்கட்டிப் பூசை செய்யும் அந்தத் தலத்தைச் சூழவுள்ள மடங்களில், பசித்து வந்தவனிடம் ‘எவ்வூர், யார் பிள்ளை’ என்று கேளாமலே இலை போடுவர். சந்நிதியும் சோறும் அங்கே அருகருகே இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதில்லை.

இனி, நான் கண்ணாற் கண்டதொன்றைச் சொல்லவேண்டும். எழுதுவதற்கு இத்தனை காலம் தயங்கினேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவை வலிகாமத்தார் எவரும் மறவார். மழை. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் மனிதரால் நிரம்பி அசையாமல் நின்றன. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் கரியரிலே புத்தகக் கட்டு. அம்மா பக்கத்தில் நடந்து வந்தார், கையில் ஓர் உமல் மாத்திரம். பாலத்தை அணுகுமுன் அயலவர் ஒருவரின் முதிய தாயைச் சைக்கிளில் ஏற்றவேண்டி வந்தது. புத்தகக் கட்டை இறக்கி வெளியிலே வைத்தேன். மழையில் அது நனைவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கிழவியை ஏற்றியது அறம் என்று அப்போது தோன்றவில்லை. நன்னூல் உரையும் தொல்காப்பியப் பதிப்பும் போயின என்றே தோன்றிற்று.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஏழு குடும்பங்கள் ஒதுங்கினோம். மூன்றாம் நாள் மாலை அம்மா உமலைத் திறந்தார். அதற்குள் இருந்தவை திருநீற்றுக் குடுக்கை, ஒரு போத்தல் அடியிலே கொஞ்சம் தேங்காயெண்ணெய், தீப்பெட்டி, ஒரு மாற்றுச் சேலை. முற்றத்து வேம்பின் அடியிலே சிரட்டை ஒன்றில் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தினார். அங்கே படமும் இல்லை, கல்லும் இல்லை. நல்லூர் இருந்த திக்கை நோக்கி நின்றார். நெடுநேரம் நின்றார். புராணபடனம் கேட்டுக் கேட்டே சைவம் படித்தவர் அவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பிறகு வந்து அமர்ந்தார். அன்று யாரோ கொண்டுவந்து கொடுத்த சோற்றை நான் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிடி அவர் பக்கம் வைத்தபோது கையை விரித்துத் தடுத்தார்.

‘எனக்குக் காணும் மோனை. அந்தப் பிள்ளையளுக்குக் குடு.’

எனக்கு வந்தது அன்பு அன்று, கோபம். ‘என்னம்மா காணும்? வீடு போச்சு, வளவு போச்சு, என்ர புத்தகமெல்லாம் போச்சு. என்ன காணும்?’ என்று எல்லார்முன்னும் கத்தினேன். அம்மா என்னை ஏசவில்லை. ‘அவன் இஞ்சையும் நிக்கிறான்தானே’ என்றார். வேம்பின் பக்கம் கையைக் காட்டக்கூட இல்லை. எண்ணெய் முடிவதற்குள் திரியை இழுத்துவிட எழுந்து போய்விட்டார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது பக்திக் கதையாக முடிந்திருக்கும். மறுநாட் காலை நிவாரண வரிசையிலே, ‘காணும்’ என்ற அதே வாய், பால்மாவுக்காக ஒரு மணி நேரம் வாதாடியது. அம்மா அவ்வளவு உரத்துப் பேசியதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மூன்று குழந்தைகளுக்கு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். அவற்றுள் ஒன்றுகூட எங்கள் வீட்டுக் குழந்தை அன்று. முந்தின இரவையும் இந்தக் காலையையும் என்னால் இணைக்க முடியவில்லை. இப்போது இணைகின்றன. தனக்குக் காணும் என்று கண்டவருக்கு, பிறருக்குக் காணாது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. நிறைவு மனிதனை முடக்கிவிடும் என்போர் அந்த வரிசையை வந்து பார்த்திருக்க வேண்டும்.

இதனைக் கண்ட நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவன்று. 1996இல் திரும்பி வந்தோம். இழந்ததை ஈடுசெய்யவேண்டும் என்ற எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. புத்தகங்களை மீண்டும் வாங்கினேன். அது நியாயம். பிறகு விடியற்கால வகுப்புத் தொடங்கினேன். சனி, ஞாயிறு, ஆறு மணிக்கே மண்டபம் நிரம்பும். வீட்டுக்கு மேல்மாடி வந்தது. அம்மா மறைந்தபின் ஓர் ஆண்டு, நல்லூர்த் தேரன்று, வடம் அசைந்து ‘அரோகரா’ என்ற பேரொலி எழுந்த கணத்தில், என் மனம் வரவேண்டிய வகுப்புக் காசைக் கூட்டிக்கொண்டிருந்தது. தேர் என் முன்னால் ஓடிப்போயிற்று. ஆயிரக்கணக்கானோர் கண்டனர். நான் காணவில்லை. கையூன்றிய தூணின் குளிர்ச்சி மாத்திரம் நினைவில் இருக்கின்றது.

இப்படி நிற்பவன் நான் ஒருவன் அல்லன் என்பதால், கோயில்களைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கின்றது. கோபிப்பவர் கோபிக்கட்டும். காணாமையிலிருந்து ஒதுங்குதற்கென்றே நம் முன்னோர் சந்நிதியை வைத்தனர். நாமோ காணாமையைச் சந்நிதிக்கே கொண்டு போய்விட்டோம். பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட எங்கள் கோபுரம் உயரம் காணாது. ஒலிபெருக்கிச் சத்தம் காணாது. உபயகாரர் பெயர் பொறித்த கல் மதிலில் இடம் காணாமல் நிலத்துக்கு இறங்கி, அடியார் மிதிக்கும் இடத்திற் கிடக்கின்றது. வெளிநாட்டிலிருந்து வியர்வை சிந்தி அனுப்பும் எமது பிள்ளைகளின் அன்பை நான் குறை கூறவில்லை. அவர்களுட் பலர் இரண்டு வேலை செய்து அனுப்புகின்றனர். அந்தக் காசைக் கொண்டு நாம் இங்கே போட்டியை வளர்க்கின்றோமே, அதுதான் உறுத்துகின்றது.

சேக்கிழார் பெருமான் பூசலார் நாயனார் புராணத்தை வைத்தது எங்களை நினைந்துதானோ என்று சில வேளை தோன்றும். திருநின்றவூரில் ஓர் அந்தணர். கோயில் கட்ட ஆசை, கையிலே காசில்லை. மனத்துக்குள்ளே கல்லும் மரமும் தேடி, நல்ல நாள் பார்த்து, அத்திவாரம் இட்டு, விமானம் எழுப்பி, கிணறும் மதிலும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாள் வைத்தார். காஞ்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோனும் அதே நாளை வைத்திருந்தான். இறைவன் அரசன் கனவிலே தோன்றி, நாளை மாற்றும்படி சொன்னான். அன்பன் கட்டிய கோயிலுக்கு அன்று போகவேண்டுமாம். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அரசன் கட்டிய கோயிலை இறைவன் வேண்டாம் என்று தள்ளவில்லை. அந்நாளை ஒழித்துப் பின்னர் வைத்துக்கொள் என்றான். எது முன், எது பின் என்பதே அங்கே தீர்ப்பு. இக்கதையையும் நாங்கள் ஐந்து புள்ளிக்கே படிப்பிக்கின்றோம்.

நல்லூரில் அர்ச்சனைச் சீட்டின் விலை நெடுங்காலமாக ஒரு ரூபாய். மேல்மாடி கட்டியவனுக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் அதே ஒரு ரூபாய். மேலாடையை இடுப்பிற் கட்டிக்கொண்டு உள்ளே நின்றால் யார் எவர் என்று தெரியாது. அந்த ஓரிடத்தில் மாத்திரம், மாணவனின் தகப்பனார் விடவேண்டியது ஒன்றும் இல்லை என்பதும், விடவேண்டியவன் அவர் மகனுக்குப் பாடம் சொல்லுகின்றவன் என்பதும் எனக்குத் தெளிவாயிற்று.

ஆகவே சென்ற ஆண்டு, நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் விடியற்கால வகுப்பு இல்லை என்று அறிவித்தேன். பெரிய துறவன்று. ஆயினும் உள்ளூரச் சிறிது பெருமைப்பட்டேன். மூன்றாம் நாள் ஒரு தாய் படலையில் வந்து நின்றார். பின்வரிசை மாணவனின் தாய். அவனிடம் நான் காசு வாங்குவதில்லை என்பதனாற் போலும், உள்ளே வரத் தயங்கினார்.

‘சேர், இவ்வளவும் படிப்பிச்சது காணுமோ? சோதினை கிட்டுது. உவன் படிச்சு வந்தாத்தான் எங்களுக்கு.’

என் பெருமை அந்தப் படலையிலேயே விழுந்தது. எனக்குக் காணும் என்று கண்டுகொண்ட கையோடு, அவனுக்குக் காணாது என்பதைக் காணத் தவறிவிட்டேன். அம்மா பால்மா வரிசையில் நின்ற காலை நினைவுக்கு வந்தது.

‘உள்ளுக்கு வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடியுங்கோ’ என்றேன். ‘பின்னேரத் திருவிழா முடிய அவனை வரச் சொல்லுங்கோ.’

அவன் வந்தான். வேறு நால்வரையும் கூட்டி வந்தான். நெற்றியில் திருநீறு காயாமலே வந்து, மேல்மாடியில் அல்ல, கீழே திண்ணையில் இருந்து படித்தார்கள். எவரிடமும் காசு வாங்கவில்லை. தேரன்று வகுப்பு வைக்கவில்லை. அன்று காலை ஐவரும் வடம் பிடித்தார்கள். நான் தேரடியிலே, செல்லப்பர் இருந்த பக்கத்தில், நின்றுகொண்டிருந்தேன்.